கல்லுக்கும் நூலுக்கும் ஐந்து ஆட்டம்

1

இந்தக் கதை ஒரு அட்டவணையிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வருத்தம் வரக் கூடாது. அட்டவணை என்னுடையதும் இல்லை. அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையில் கணக்குப் பார்க்கிற நாகஜோதியுடையது. அந்தக் கடைக்கு எதிர்ச் சாரியில், ஃபிளெக்ஸும் பத்திரிகையும் அடித்துக் கொடுக்கிற இடத்தில் நான் டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுவேன். அது தெரிந்துதான் நாகஜோதி ஒரு மத்தியானம் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இத நல்ல தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. எனக்கு நம்பரு வரும். வாக்கியம் வராது."

ஒரு சீட்டு விளையாட்டுப் போட்டியின் முடிவுகள். எந்த டெக், அதாவது சீட்டுக்கட்டு, எத்தனை ஆட்டம் ஜெயித்தது, எந்த டெக் எதிரே உட்கார்ந்தால் எது தோற்றது. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் இப்படி ஓர் அலசல் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவள் வழக்கம். விருதுநகர், மதுரை ஆட்கள் அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த போட்டிக்கு டெக்கை மாற்றுவார்களாம்.

ஒரு பக்கம்தானே என்று வாங்கிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வாரம் ஒன்று ஓடிவிட்டது, கட்டுரை முடியவில்லை. கட்டுரைக்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது. கட்டுரையில் பொய் சொன்னால் நம்பரைக் காட்டி யாராவது பிடித்துவிடுவார்கள். கதையில் பொய் சொன்னால் பிடிக்க ஆள் இல்லை. அதனால்தான் எனக்குக் கதை எழுதப் பயம்.

2

தொடக்கங்கள்.

அ) "அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், இலை போடுகிற நீள மேசைகளின் மேல் எழுபத்தாறு கைகள் பதறிக்கொண்டு—"

(முப்பத்தெட்டுப் பேர் என்று சொன்னால் ஆகாதா? எழுபத்தாறு கைகளாம். அதுவும் பதறுகின்றனவாம். பதறியது என் கை.)

ஆ) "அலசல் என்பது நடந்து முடிந்ததைப் பற்றியது அல்ல, நடக்கப் போவதைப் பற்றியது. ஏனெனில்—"

(ஏனெனில் என்ற சொல்லைப் போட்டதுமே அடுத்து என்ன என்று தெரியாமல் டீ குடிக்கப் போய்விட்டேன்.)

இ) "தம்பிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, அவன் டெக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தனுஷ்கோடி அந்த மண்டபத்துக்குள்—"

இதுதான் சரியான தொடக்கம். எனக்கு அப்போதே தெரியும். ஆனால் இதை முதலில் வைத்தால் நீங்கள் உடனே அந்த மனிதர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அவர் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்துவிடுவீர்கள். இந்தக் கதையின் சிக்கலே அதுதான். ஆகவே கொஞ்ச நேரம் அவரை வாசலிலேயே நிறுத்திவைக்கிறேன்.

3

எங்கள் பக்கம் சீட்டு என்றால் கண்மாய்க் கரையில் கருவேலங்காட்டுக்குள் வட்டமாக உட்கார்ந்து ஆடுவதும், போலீஸ் வந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும்தான். இது அது இல்லை. இதில் துட்டு வைப்பதில்லை. படம் போட்ட சீட்டுகளைப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, வேண்டாததை மற்றவரிடம் கொடுத்து மாற்றி, ஆளுக்கொரு டெக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவர் முன்னாலும் ஏழு வாசல். எதிராளியின் ஏழு வாசலையும் உடைத்தால் ஆட்டம் முடிந்தது.

டெக்குகளுக்குக் கம்பெனிக்காரன் வைத்த பெயர் வாயில் நுழையாது. நம் ஆட்கள் வைத்தது மிளகாய், கல், நூல். மிளகாய் வந்ததும் பாய்ந்து அடிக்கும். கல் அடிக்காது, எதிராளி ஓயும்வரை அசையாமல் நின்றுவிட்டு அப்புறம் ஒவ்வொரு வாசலாக உடைக்கும். நூல் இரண்டையும் செய்யாது. மூன்று நூல் சீட்டை மேசையில் இறக்கிவிட்டு, அதன் மேல் 'தறி' என்ற சீட்டை வைத்தால் ஏழு வாசலும் ஒரேயடியாகப் போய்விடும். தறி வருவதற்குள் மிளகாய் நூலை முடித்துவிடும். கல் முன்னால் மிளகாய் ஓய்ந்துவிடும். கல் சும்மா நின்றுகொண்டிருப்பதால் நூலுக்கு நேரம் கிடைத்து, கல்லை நூல் ஜெயிக்கும்.

இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

4

மதுரையில் கல்லும் நூலும் பத்துத் தரம் மோதினால் ஏழு தரம் நூல் ஜெயிக்கும் என்பது நாகஜோதி சேர்த்துவைத்திருக்கும் பழைய கணக்கு. அருப்புக்கோட்டையில் ஒன்பது தரம் மோதியதில் ஆறு தரம் கல் ஜெயித்திருந்தது.

நான் எழுதினேன்: "இம்முறை கல் டெக் வியக்கத்தக்க எழுச்சி கண்டது." எழுச்சி என்ற வார்த்தையை ஃபிளெக்ஸில் அடித்து அடித்துக் கை பழகிவிட்டது. நாகஜோதி படித்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"எழுச்சியெல்லாம் ஒண்ணுமில்லக்கா. அந்த ஆறுல அஞ்சு ஒரே ஆளு."

"யாரு?"

"தனுஷ்கோடி அண்ணன். நூல் டெக்குக்காரங்க அஞ்சு பேரு அவுக எதுக்க உக்காந்தாங்க. அஞ்சு பேரையும் அடிச்சிட்டாக. மத்த கல்லு டெக்கெல்லாம் நூலுகிட்ட நாலு தரம் மோதி ஒரே ஒரு தரந்தான் ஜெயிச்சிருக்கு. அதாவது நம்ம மதுரைக் கணக்குத்தான்."

"அப்ப அவரு நல்லா ஆடுறாருன்னு எழுதிருவோம்."

"அவுகளுக்கு ஆடவே தெரியாதுக்கா. சீட்ட எந்தப் பக்கமாப் பிடிக்கணும்னு காலைலதான் நான் சொல்லிக் குடுத்தேன்."

* இந்த இடத்தில் ஒரு குறிப்பு. ஆடத் தெரியாதவர் ஐந்து ஆட்டமும் ஜெயிப்பது நடக்காத காரியம் இல்லை. அதிர்ஷ்டம் என்று ஒன்று உண்டு. கதை எழுதுகிறவர்களுக்கு அது பிடிக்காது, அவ்வளவுதான். நான் அதிர்ஷ்டத்தை வைத்து முடித்துவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

5

இனி அவரை உள்ளே விடலாம்.

தனுஷ்கோடிக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி. திருச்சுழிப் பக்கத்தில் விறகை மூடி எரிக்கிற கரி மூட்டங்களிலிருந்து கரி மூட்டை ஏற்றி இறக்குவார். நகக்கண் எப்போதும் கறுத்திருக்கும். சீட்டு விளையாட்டு அவருடையது இல்லை, தம்பி சங்கருடையது. சங்கர் மதுரையில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். தினமும் பஸ்ஸில் போய் வருவான். மூன்று வருடமாகப் பஸ்ஸில் உட்கார்ந்தே அந்தக் கல் டெக்கைக் கட்டினான் என்பார்கள். ஒரு சீட்டை எடுப்பான், ஒன்றைச் சேர்ப்பான், மறுபடி எடுப்பான். போன மாதம் காரியாபட்டியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. வயசு முப்பத்தொன்று.

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் நான்தான் செய்தேன். நல்ல போட்டோ ஒன்றுதான் இருந்தது, ஏதோ போட்டியில் எடுத்தது. கையில் சீட்டுகளை விசிறிபோலப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அஞ்சலியில் சீட்டு இருந்தால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டேன்.

போட்டிக்குச் சங்கர் முன்னாலேயே பெயர் கொடுத்திருந்தான். "எடத்தக் காலியா விட வேணாம்னு வந்தேன்" என்றுதான் தனுஷ்கோடி மண்டப வாசலில் சொல்லியிருக்கிறார். ஆறு சுற்று. ஐந்து நூல், ஒரு மிளகாய். ஆறும் ஜெயித்து, கோயம்புத்தூரில் நடக்கிற மாநிலப் போட்டிக்கு அருப்புக்கோட்டை சார்பாகப் போகிற ஒரே இடத்தையும் வாங்கிவிட்டார்.

மறுநாள் எங்கள் கடைக்கு வந்தார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் கவுண்டரைத் தொட்டார்.

"அக்கா, நாகஜோதி எழுதச் சொன்ன கட்டுரை ஒங்ககிட்டத்தான இருக்கு? அதுல சங்கரு டெக்கப் பத்தி வருமா?"

"வரும்ணே."

"வந்தா ஒரு காப்பி பிரிண்டு போட்டுக் குடுங்க. எங்கம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாக. நூலு டெக்கு வந்தா என்ன செய்யணும்னு கொஞ்சம் வெளக்கமா எழுதச் சொல்லுங்க. கோயம்புத்தூருல எல்லாம் அதானாமே."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய? அவர் போன பிறகு உட்கார்ந்து "சங்கர் கட்டிய கல் டெக், நூலின் பரம—" என்று எழுதி, அந்தப் பரமவுக்கு அடுத்த வார்த்தை வராமல் அப்படியே விட்டுவிட்டேன். இன்னும் அப்படியே இருக்கிறது.

6

நாகஜோதிக்குச் சந்தேகம் விடவில்லை. தனுஷ்கோடிக்கு எதிரே நூல் டெக் ஆடிய ஐந்து பேரில் ஒருத்தி அவளே. மற்ற நாலு பேரில் ஒருவன் பாண்டிராஜ், விசைத்தறி ஷெட்டில் மெக்கானிக், அவளோடு ஒன்றாகப் படித்தவன். அவனை எங்கள் கடைக்கே கூட்டிவந்து உட்காரவைத்தாள். நான் லேமினேஷன் போடுவதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டேன். (கேட்கத்தான் செய்தேன், பிறகு எப்படி எழுத?)

"பாண்டி, தறி ஒன் கைக்கு வந்துச்சா வரலையா?"

"வந்துச்சு."

"மூணு நூலும் எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன்."

"பெறகு ஏன்டா வைக்கல?"

அவன் கோபமாகப் பேசினான். நியாயத்தைச் சொல்லவேண்டி வந்தால் நம் ஆட்களுக்குக் கோபம் வந்துவிடும்.

"நான் துட்டிக்குப் போகலத்தா. சங்கரு செத்த அன்னைக்கு ஸ்பேர் வாங்க ஈரோட்டுல கெடந்தேன். பெறகு போவோம் போவோம்னு தள்ளிப்போச்சு. அந்தண்ணன மொதமொதப் பாக்குறதே அந்த மண்டபத்துலதான். ஒரு வார்த்த கேக்கல, கையப் பிடிக்கல. எடுத்த எடுப்புல உக்காந்து அவுகள அடிக்கவா?"

"அங்கனயே கேட்டிருக்கலாம்ல?"

"கல்யாண மண்டபத்துலயா? ஏத்தா, ஒனக்கு மூள இருக்கா? மங்கலம் நடக்குற எடத்துல போயித் துட்டி கேப்பாகளா?"

* வெளியூர் வாசகர்களுக்கு: சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதைத் துட்டி கேட்பது என்போம். அன்றைக்குப் போக முடியாவிட்டால் பிறகாவது வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் அந்த வீட்டு ஆளோடு சிரித்துப் பேசுவதோ, வியாபாரம் பேசுவதோ கிடையாது. எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டு போகிறவர்கள்கூட உண்டு. சாவு வீட்டில் உங்களை 'வாங்க' என்று சொல்ல மாட்டார்கள். கிளம்பும்போது நீங்களும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும்.

துட்டி கேட்கவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அந்த மேசையில் பாண்டிராஜ் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தறியைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தோற்றான். மற்ற மூன்று பேரையும் நாகஜோதி போனில் கேட்டாள். ஒருவன் கல்ஃபிலிருந்து அப்போதுதான் வந்தவன். ஒருவனுக்கு வீட்டில் பிள்ளை பிறந்த தீட்டு. ஒருவன் காரணமே சொல்லவில்லை. மூவரும் செய்தது ஒன்றுதான். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் அப்படிச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஆள் விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. நாலு பேர் விட்டுக்கொடுத்தால் அது ஓர் அட்டவணையாகிவிடுகிறது. அட்டவணையை நம்பி ஒரு மனிதர் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறப் போகிறார். அங்கே இருக்கிறவர்களுக்குச் சங்கரைத் தெரியாது. மூன்று நூல், ஒரு தறி, முடிந்தது. மறுபடி மூன்று நூல், ஒரு தறி. அப்போது தனுஷ்கோடி என்ன நினைப்பார்? டெக் நல்லதுதான், நான்தான் கெடுத்துவிட்டேன், தம்பி கட்டியதை ஊருக்கு முன்னால் கேவலப்படுத்திவிட்டேன் என்று நினைப்பார். எனக்கு அவர் முகம் தெரிவதால் அதை நினைக்கவே முடியவில்லை.

உண்மையை எழுதினால்? குழுவில் எல்லோரும் படிப்பார்கள். ஒச்சம்மாளும் படிப்பார், தனுஷ்கோடியின் அம்மா, எழுத்துக் கூட்டி. மகன் ஜெயித்தது இரக்கத்தில் கிடைத்தது என்று.

7

இப்போது என் பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது.

நாகஜோதி சங்கர் இறந்த அன்றைக்கே துட்டிக்குப் போய்வந்தவள். ஆகவே அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. அவள் நேர்மையாக ஆடித் தோற்றாள் என்றால், ஐந்தில் ஒன்று உண்மையான வெற்றி. "நாலத் தூக்கிட்டு என் ஆட்டத்த மட்டும் வச்சு எழுதுவோம்க்கா. மத்த கல்லையும் சேத்தா அஞ்சுக்கு ரெண்டு. ஒண்ணும் மோசமில்ல" என்றாள். ஒரே ஓர் ஆட்டம் எதையும் நிரூபிக்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

"நீ எப்பிடித் தோத்த?"

"தறிய வைக்க மறந்துட்டேன்க்கா."

"மறந்துட்டியா?"

"சத்தியமா மறந்துட்டேன். சங்கரு சீட்ட வைக்கும்போது ரெண்டு தட்டுத் தட்டி வைப்பான். டக்கு டக்குன்னு. இவுகளும் அதே மாதிரி ரெண்டு தட்டுத் தட்டி வச்சாக. அவுகளுக்கே தெரியாது போல. நான் அந்தக் கையவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். பாத்தா ஆட்டம் போச்சு. 'தறிய மறந்துட்டேண்ணே'ன்னு அவுககிட்டயே சொன்னேன்."

வருடக்கணக்காக ஆடுகிறவள். டெக்கில் உள்ள மிக முக்கியமான சீட்டு. மறந்தாளாம். நான் சொந்தமாக உண்டாக்கிய பாத்திரம் இப்படிச் சொன்னால் அடித்துவிட்டு வேறு எழுதுவேன். ஒரு வரைவில் அவள் தெரிந்தே விட்டாள் என்று எழுதிப் பார்த்தேன். அதில் அவள் தியாகியாகி, பேச்சே மாறிவிட்டது. இன்னொரு வரைவில் சங்கரை அவள் உள்ளுக்குள்—

(இல்லை. அதை எழுத மாட்டேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடினால் காதல் என்று எழுதுகிற வழக்கத்தை யாராவது நிறுத்த வேண்டும்.)

அவள் சொன்னதையே வைத்துக்கொள்கிறேன். மறதியும் இரக்கமும் அட்டவணையில் ஒரே மாதிரிதான் விழுகின்றன. அவளுக்கே எது என்று தெரியவில்லை என்பது என் எண்ணம். அந்த ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, கடையில் ரெண்டு பில்லைத் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினாள்.

8

முடிவுகள்.

முடிவு அ: தனுஷ்கோடி கோயம்புத்தூரில் ஜெயிக்கிறார். சீட்டைத் தூக்கிக் காட்டுகிறார், தம்பியின் போட்டோவில் உள்ளதுபோல. ஒச்சம்மாள் அழுகிறார்.

இதை ஒரே மூச்சில் எழுதினேன். நன்றாகவும் வந்தது. அச்சுக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. நானும் துட்டிக்குப் போகவில்லை. ஃபிளெக்ஸ் செய்து கொடுத்ததே போனது மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். அதனால்தான் கதையில் அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். பாண்டிராஜ் தறியைக் கையில் மறைத்தான். நான் கோயம்புத்தூரையே மறைத்துவிட்டேன்.

முடிவு ஆ: முதல் சுற்றிலேயே தோற்கிறார். பஸ்ஸில் திரும்பி வருகிறார். மழை பெய்கிறது.

(எங்கள் பக்கம் எங்கே மழை பெய்கிறது?)

முடிவு இ: அவர் போகவில்லை. காரணம் சொல்லவில்லை. இது பெரிய கதை மாதிரித் தெரியும், ஆனால் சோம்பேறித்தனம்.

மூன்றையும் நாகஜோதியிடம் படித்துக் காட்டினேன். அவள் எதையும் கேட்கவில்லை. நான் நிறுத்தியதும் சொன்னாள்:

"அக்கா, துட்டி கேட்டாச்சுன்னா அடிக்கலாம்ல?"

"என்னது?"

"கேக்காததுனாலதான வைக்கல? எல்லாரும் போயிக் கேட்டுருவோம். கேட்டுட்டு, திரும்ப ஆடுவோம். அப்ப வர்றதுதான் நெசமான நம்பரு."

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இதைவிட நல்ல யோசனை எனக்கு ஒரு வாரமாக வரவில்லை என்பது தெரிந்தது. ஆனால் எல்லோரும் போய் உட்கார்ந்தால் விட்டுக்கொடுத்தது அவருக்குத் தெரிந்துவிடுமே?

9

ஆறு பேரும் திருச்சுழி பஸ்ஸில் போனோம், வெயில் தாழ்ந்த பிறகு. பாண்டிராஜும் மற்ற மூவரும் வழியெல்லாம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் பஸ்ஸில் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன், இரண்டு தரமும் விக்கியது.

தனுஷ்கோடி வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை மூடினார். 'வாங்க' என்று சொல்லவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கையை நீட்டினார். நாலு பேரும் ஒவ்வொருவராக வந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். நான் உள்ளே போனேன். ஒச்சம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. வந்தபோது சங்கருக்காக வந்த மாதிரியும் இல்லை, பயம் இறங்கின மாதிரி இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

நான் வெளியே வந்தேன். தனுஷ்கோடிதான் ஆரம்பித்தார்.

"நாலு பேரும் வந்தாச்சு."

பாண்டிராஜ் தலை குனிந்தான்.

"துட்டி வீட்டுக்காரனுக்கு வந்தவுக முகம் மறந்துபோகும்யா. வராதவுகளத்தான் தெரியும். நீங்க எதுக்க உக்காந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்கு ஆடத் தெரியாது, சரி. எதுக்க இருக்கிறவன் ஒரு சீட்ட உள்ள வச்சுக்கிட்டு முழிக்கிறது தெரியாதா?"

"பெறகு ஏண்ணே கட்டுரையில போடச் சொன்னீக?" நாகஜோதி கேட்டாள்.

"நீ என்னன்னு எழுதுறன்னு பாக்கத்தான். ஒனக்குத்தான் நம்பரு பொய் சொல்லாதாமே." அவர் கோபமாகப் பேசவில்லை. "நான் ஜெயிச்சது இருக்கட்டும் தாயி. அது ஒங்க மருவாதி, வாங்கிக்கிட்டேன். ஆனா அவன் கட்டுன டெக்கு நல்ல டெக்கா இல்லையா? மூணு வருசம் பஸ்ஸுல உக்காந்து கட்டுனான். ஒருத்தராவது நெசமா அடிச்சாத்தான எனக்குத் தெரியும்? அது தெரியாம கோயம்புத்தூருக்கு எதத் தூக்கிட்டுப் போறது?"

இதுவரை நான் எழுதிய எந்த முடிவிலும் அவர் இதைக் கேட்கவில்லை. எல்லாவற்றிலும் நானே அவருக்காகப் பயந்து, நானே அவருக்காக முடிவு செய்திருந்தேன்.

வண்டியிலிருந்து ஒரு ஃபிளெக்ஸை எடுத்துவந்து விரித்தார். கரி மூட்டையை மூடுவதற்கு வைத்திருப்பது. வெள்ளைப் பக்கம் மேலே. ஓரத்துக் கம்பித் துளைகளையும் அளவையும் பார்த்ததும் எந்த ஃபிளெக்ஸ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுபக்கத்தில் கழுத்துக்குக் கீழே வெட்டிய அந்தச் சிரிப்பு தரையைப் பார்த்துக் கிடந்தது.

"யாரு மொதல்ல?"

நாலு பேரும் எழுவதற்குள் நாகஜோதி உட்கார்ந்துவிட்டாள். தன் நூல் டெக்கை எடுத்துக் குலுக்கினாள். ஏழு வாசல், ஏழு வாசல். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன், அவள் கைச் சீட்டெல்லாம் எனக்குத் தெரிகிற மாதிரி. ஒச்சம்மாள் நிலைப்படியில் வந்து உட்கார்ந்தார்.

முதல் நூல். அவர் ஒரு கல்லை வைத்தார். இரண்டாம் நூல். கல் அசையவில்லை. பிறகு அது ஒவ்வொன்றாக உடைக்க ஆரம்பித்தது, நாலு வாசல்தான் அவளுக்கு மிச்சம். டெக் மோசமில்லை, எனக்கே தெரிந்தது. மூன்றாம் நூலை இறக்கினாள். தறி அவள் கையில் இடது ஓரத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிகிறது. அடுத்த முறை அவளுடையது.

(இங்கே "தெரிந்தது" என்பது "தெரிகிறது" ஆகிவிட்டது. திருத்தப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.)

தனுஷ்கோடி கடைசிக் கல்லை எடுக்கிறார். கறுத்த நகம். டக்கு டக்கு என்று இரண்டு தட்டுத் தட்டி வைக்கிறார். நாகஜோதி அந்தக் கையைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நிலைப்படியில் இருக்கிற அம்மாவுக்கு ஆட்டம் புரியாது, ஆனால் எல்லோரும் எதற்காகவோ காத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொல்கிறார்:

"ஏத்தா, இந்தத் தடவ மறந்துறாத."

10

நாகஜோதியின் அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. கல் எதிர் நூல், தனுஷ்கோடி எதிர் நாகஜோதி, இரண்டாவது ஆட்டம். நான் அதை நிரப்ப மாட்டேன். நான் நிரப்பினால் மறுபடி விட்டுக்கொடுப்பேனோ, அல்லது விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்டிக்கொள்ளவே அவரைத் தோற்கடிப்பேனோ என்று பயமாக இருக்கிறது. இரண்டும் நடக்கக்கூடியதுதான், என்னை எனக்குத் தெரியும்.

நீங்கள் அப்படி இல்லை. சங்கர் செத்த செய்தியைக் கேட்டீர்கள். அந்த வீட்டில் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மா அழுததையும் பார்த்தீர்கள். ஆகவே நீங்களும் துட்டி கேட்டாயிற்று, உங்களுக்கு இனி ஒரு தடையும் இல்லை. மூன்று நூல் கீழே இருக்கிறது. தறி உங்கள் கையில், இடது ஓரத்தில்.

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இங்கிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது. நான் எழுந்துகொள்கிறேன்.